பள்ளிக்கூடம் கட்டித் தந்தால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி, திரியாய் என்று கரையோரமாக வடக்கே போனால் புல்மோட்டை வரும். அங்கே கடற்கரை மணல் பல இடங்களில் கறுத்துக் கிடக்கும். அள்ளிப் பார்த்தால் வழக்கமான மணலைவிடப் பாரம் கூட. இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் போன்ற கனியங்கள் கலந்திருப்பதே காரணம். இல்மனைட்டில் இரும்போடு டைட்டானியமும் இருக்கிறது. வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்றின் வெண்மை பெரும்பாலும் அந்த டைட்டானியத்திலிருந்து வருவதுதான். சிர்கோன் டைல்ஸ் மேற்பூச்சுக்குப் போகிறது.

புல்மோட்டையில் இந்த மணலை எடுப்பது அரச நிறுவனம். ஆனால் உலகின் வேறு கரைகளில் இதே மணலைப் பல இடங்களில் தோண்டுவது கடல் கடந்து வந்த கம்பனிகள். மடகஸ்காரில் ரியோ டின்டோ, மொசாம்பிக்கில் அயர்லாந்தின் கென்மெயர். அவ்வளவு தூரம் போவானேன், மன்னார்த் தீவில் ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் இருக்கும் டைட்டானியம் சாண்ட்ஸ் கம்பனி ஆய்வு நடத்தியதும், அதை எதிர்த்து மக்கள் வீதிக்கு இறங்கியதும் நாங்கள் செய்தியில் பார்த்ததுதான்.

இப்படி ஒரு கம்பனி ஊருக்குள் வரும்போது இரண்டு பேச்சுகள் சேர்ந்தே வரும். ஒன்று சமூகப் பொறுப்பு, மற்றது மனித உரிமை. கூட்டங்களிலும் துண்டுப்பிரசுரங்களிலும் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். கேட்கிறவருக்கும் இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். உண்மையில் இரண்டும் வேறு வேறு. இந்த வேறுபாடு பிடிபட்டால் சுரங்கத் தொழில் பற்றிய செய்திகளில் பாதி தானாக விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

முதலில் சமூகப் பொறுப்பு. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து சி.எஸ்.ஆர். என்பார்கள். ஒரு கம்பனி தன் லாபத்தில் ஒரு பகுதியையோ, ஆட்களின் நேரத்தையோ சமூகத்துக்கும் சுற்றாடலுக்கும் ஒதுக்குவது இது. பள்ளிக்கூடக் கட்டடம், கண் பரிசோதனை முகாம், குடிநீர்த் தாங்கி, பிள்ளைகளுக்குக் கொப்பி, கண்டல் மரம் நடுதல். சுனாமிக்கும் யுத்தத்துக்கும் பிறகு எங்கள் பக்கத்தில் இன்னார் அன்பளிப்பு என்று எழுதிய பலகை இல்லாத கிராமம் குறைவு, ஆகவே இதற்கு அதிக விளக்கம் தேவையில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: என்ன கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது, எப்போது நிறுத்துவது எல்லாவற்றையும் தீர்மானிப்பது கம்பனி. இந்தியா 2013ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தில், குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பனிகள் கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவிட வேண்டும் என்று எழுதிவைத்தது. அங்கேகூட எந்த வேலைக்கு அந்தப் பணம் போகவேண்டும் என்று தெரிவுசெய்வது கம்பனிதான்.

இதை நான் நக்கலாகச் சொல்லவில்லை. கொப்பி கிடைத்த பிள்ளைக்கு அது கொப்பிதான், யார் தந்தாலும் எழுதலாம். பிரச்சினை தொடங்குவது வேறு இடத்தில்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் இரவோடு இரவாக வேலியை நம் காணிக்குள் நாலு முழம் அரக்கிப் போட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தைப்பொங்கலன்று ஒரு தட்டு நிறையப் பொங்கலும் பலகாரமும் கொண்டுவந்து தருகிறார். நல்ல மனம்தான். ஆனால் வேலி? பொங்கல் கொடுப்பது அவருடைய விருப்பம். வேலியை இருந்த இடத்தில் வைத்திருப்பது அவருடைய கடமை. பொங்கல் எத்தனை தட்டு வந்தாலும் நாலு முழக் காணி திரும்பி வராது. சமூகப் பொறுப்பு பொங்கல் என்றால் மனித உரிமை வேலி.

சுரங்கத்தில் எந்த வேலிகள் அரக்கப்படுகின்றன? காணி முதலாவது. பரம்பரையாக உழுத நிலம், உறுதி இல்லாமல் தலைமுறைகளாகப் பாவித்த மேய்ச்சல் தரை, மீனவர் வாடி போடும் கரை. அடுத்தது தண்ணீர்: தோண்டிய குழியால் கிணற்று நீர் வற்றுவது, உவர் ஏறுவது, கழிவு ஆற்றில் கலப்பது. கரைவலை இழுக்கிறவருக்குக் கரை இல்லாமல் போவது தொழில் உரிமை சம்பந்தப்பட்டது. சுரங்கத்துக்குள் வேலை செய்கிறவர்களின் கூலி, பாதுகாப்பு, சங்கம் சேரும் உரிமை இருக்கிறது. எதிர்த்துப் பேசுகிறவர் பயமில்லாமல் பேச முடிகிறதா என்ற கேள்வி இருக்கிறது.

இந்த வரிசையில் வெளியே அதிகம் பேசப்படாதது காவல். சுரங்கம் என்றால் வேலி, வேலி என்றால் காவலாளி, அவன் கையில் பெரும்பாலும் ஆயுதம். பப்புவா நியூகினியின் போர்கெரா தங்கச் சுரங்கத்தில் காவலாளிகள் உள்ளூர்ப் பெண்களைப் பாலியல் வல்லுறவுக்கு உட்படுத்தியதை ஹியூமன் ரைட்ஸ் வொட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2011இல் ஆவணப்படுத்தியது. சுரங்கத்தை நடத்தியது கனடாவின் பெரிய கம்பனியான பரிக். குவாத்தமாலாவில் ஒரு நிக்கல் சுரங்கத்தை ஒட்டி, காவலாளிகள் ஒரு சமூகத் தலைவரைக் கொன்றதாகவும் பெண்களை வன்கொடுமை செய்ததாகவும் மாயன் மக்கள் ஹட்பே என்ற கனடியக் கம்பனி மீது வழக்குப் போட்டார்கள். அந்த வழக்குகள் விசாரணைக்குப் போகலாம் என்று ஒன்ராறியோ நீதிமன்றம் 2013இல் சொன்னது. சமரசத்தில் முடிய 2024 ஆனது. இந்த ஆபத்து முன்பே தெரிந்ததுதான். சுரங்க, எண்ணெய்க் கம்பனிகள் தங்கள் காவலை எப்படி நடத்த வேண்டும் என்று அமெரிக்க, பிரித்தானிய அரசுகளும் கம்பனிகளும் மனித உரிமை அமைப்புகளும் கூடி 2000ஆம் ஆண்டிலேயே கோட்பாடுகள் எழுதின. அவற்றின் பெயரிலேயே 'தன்னார்வ' என்ற அடைமொழி இருக்கிறது. விரும்பினால் சேரலாம்.

சரி, கம்பனிக்கு மனித உரிமைக் கடமை உண்டு என்று யார் சொன்னது? நீண்ட காலம் மனித உரிமை என்பது அரசுக்கும் குடிமக்களுக்கும் இடைப்பட்ட விடயமாகவே கருதப்பட்டது. கம்பனி உள்ளூர்ச் சட்டத்தை மீறாவிட்டால் போதும் என்று இருந்தது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் பேரவை 2011 ஜூனில் ஏற்றுக்கொண்ட வழிகாட்டுக் கோட்பாடுகள் இதை மாற்றின. பேராசிரியர் ஜோன் ரகி பல ஆண்டுகள் உழைத்துத் தயாரித்தவை அவை, மொத்தம் 31. அவற்றின் சாரம் மூன்று தூண்கள். மக்களைப் பாதுகாப்பது அரசின் கடமை. உரிமைகளை மதிப்பது கம்பனியின் பொறுப்பு. பாதிப்பு நடந்துவிட்டால் நிவாரணம் கிடைக்கும் வழி இருக்க வேண்டும்.

இதில் 11ஆவது கோட்பாட்டின் விளக்கவுரையில் ஒரு செய்தி இருக்கிறது, என்னைக் கேட்டால் முழு ஆவணத்திலும் முக்கியமானது அதுதான். கம்பனிகள் நல்ல காரியங்கள் எத்தனையும் செய்யலாம்; ஆனால் உரிமைகளை மதிக்கத் தவறியதை அவை ஈடுசெய்யாது. பொங்கலும் வேலியும் ஒரே கணக்கில் வராது என்பதை ஐ.நா. தன் மொழியில் சொல்லியிருக்கிறது.

கம்பனி உண்மையில் என்ன செய்ய வேண்டும் என்றும் அங்கே இருக்கிறது. தோண்டத் தொடங்குவதற்கு முன்பே யாருக்கு என்ன பாதிப்பு வரக்கூடும் என்று தேடிப் பார்க்க வேண்டும். பாதிக்கப்படக்கூடிய மக்களோடு பேச வேண்டும். கண்டறிந்த பாதிப்பைத் தடுக்க வேண்டும், தடுத்தது பலித்ததா என்று கண்காணிக்க வேண்டும், எல்லாவற்றையும் வெளியே சொல்ல வேண்டும். ஒருமுறை செய்து கோப்பை மூடிவிடும் வேலை இல்லை, சுரங்கம் இருக்கும் வரை இது தொடரும். அரசுக்குச் சொந்தமான நிறுவனம் என்றால் அரசு இன்னும் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும் என்கிறது 4ஆவது கோட்பாடு. ஆகவே புல்மோட்டைக்கு இது பொருந்தாது என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

ஆனால் இந்தக் கோட்பாடுகளுக்கு நீதிமன்றப் பலம் இல்லை. மீறினால் தண்டனை என்று எதுவும் இல்லை. அதனால்தான் சில நாடுகள் சொந்தமாகச் சட்டம் போட்டன: பிரான்ஸ் 2017இல், ஜேர்மனியின் சட்டம் 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. கனடாவின் நிலை விசித்திரமானது. உலகின் சுரங்கக் கம்பனிகளில் பெரும்பங்கு அந்த நாட்டோடு தொடர்புள்ளவை. வெளிநாட்டில் தவறும் கம்பனிக்கு அரச உதவியை நிறுத்தும் மசோதா ஒன்று அங்கே 2010இல் நாடாளுமன்றத்துக்கு வந்து 140க்கு 134 என்ற வாக்கில் தோற்றது. ஆறு வாக்கு!

வெளிநாட்டுச் சுரங்கத்தில் பொறுப்பாளியைப் பிடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? கம்பனி ஒன்று இல்லை, அடுக்கடுக்காகப் பல. தலைமைக் கம்பனி லண்டனிலோ வன்கூவரிலோ இருக்கும். அதற்குக் கீழே வரிச்சலுகை உள்ள ஏதோ ஒரு தீவில் ஒரு கம்பனி. அதற்கும் கீழே நம் நாட்டில் பதிவுசெய்த துணைக் கம்பனி. தோண்டுவது அந்தத் துணைக் கம்பனி, அல்லது அது அமர்த்திய ஒப்பந்தக்காரர். லாபம் மேலே ஏறும், பொறுப்பு கீழேயே நிற்கும். ஆற்றில் அமிலம் கலந்துவிட்டது என்று லண்டனுக்குப் போனால், அது சாம்பியாவில் உள்ள வேறொரு கம்பனி என்பார்கள்.

அப்படித்தான் சொன்னார்கள். சாம்பியாவின் சிங்கோலாப் பகுதியில் நச்சங்கா செப்புச் சுரங்கக் கழிவு தங்கள் ஆற்றையும் நிலத்தையும் கெடுத்துவிட்டதென்று 1,826 பேர் இங்கிலாந்தில் வழக்குப் போட்டார்கள். எதிராளி வேதாந்தா. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை நடத்திய அதே குழுமம். அந்த ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே மாதம் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சாம்பியா வழக்கை இங்கிலாந்தில் விசாரிக்கலாமா என்பதே நாலு வருடச் சண்டையானது. விசாரிக்கலாம் என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் சொன்னது.

இங்கே ஒரு வேடிக்கை. தலைமைக் கம்பனிக்குத் துணைக் கம்பனியின் வேலையில் பங்கு இருந்திருக்கலாம் என்பதற்கு நீதிபதிகள் எதைச் சுட்டினார்கள் தெரியுமா? கம்பனி தானே வெளியிட்ட அறிக்கைகளை. எங்கள் எல்லாச் சுரங்கங்களிலும் சுற்றாடல் தரத்தை நாங்கள் மேற்பார்வை செய்கிறோம், பயிற்சி கொடுக்கிறோம் என்று பெருமையாக அச்சிட்டிருந்தார்கள். வழுவழுப்பான தாளில் போட்ட சமூகப் பொறுப்புப் பேச்சு நீதிமன்றத்தில் அவர்களுக்கே எதிர்ச் சாட்சியாக நின்றது. தவறை ஒப்புக்கொள்ளாமலே 2021இல் சமரசம் செய்துகொண்டார்கள். அன்றிலிருந்து இப்படிப்பட்ட அறிக்கை கையில் கிடைத்தால் நான் குப்பையில் போடுவதில்லை. நீங்களும் பத்திரப்படுத்தி வையுங்கள்.

அதேபோல எரித்திரியாவின் பீஷா சுரங்கத்தில் தங்களைக் கட்டாய வேலை வாங்கினார்கள் என்று தொழிலாளர்கள் நெவ்சன் என்ற கம்பனி மீது கனடாவில் போட்ட வழக்கை, விசாரிக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2020 பெப்ரவரியில் அனுமதித்தது. அதுவும் பிறகு சமரசம். இந்த வழக்குகள் தீர்ப்பு வரை போவது அபூர்வம். ஆனால் கதவு திறந்தது என்பதே பெரிய விடயம்.

சட்டப்படி அனுமதி இருக்கிறது என்ற வாதத்தையும் சொல்லிவிட வேண்டும், கூட்டங்களில் முதலில் வருவது அதுதான். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜூக்கன் கோர்ஜ் என்ற இடத்தில் ஆதிக்குடிகள் 46,000 ஆண்டுகளாகத் தொடர்பு வைத்திருந்த பாறைக் குகைகள் இருந்தன. 2020 மே மாதம் இரும்புத் தாதுக்காக ரியோ டின்டோ அவற்றை வெடிவைத்துத் தகர்த்தது. சட்டப்படியான அனுமதி கையில் இருந்தது. அனுமதி இருந்தும் தலைமை நிர்வாகி பதவி விலக நேர்ந்தது.

வாக்குறுதி சட்டத்தோடு சேர்ந்து வந்தாலும் நிறைவேறும் என்று இல்லை. தென்னாபிரிக்காவின் மரிக்கானாவில் 2012 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த 34 தொழிலாளர்களைப் பொலிஸ் சுட்டுக் கொன்றது. பிறகு விசாரணை ஆணைக்குழு தோண்டியபோது ஒரு பழைய கணக்கு வெளியே வந்தது. அந்தச் சுரங்கத்தை நடத்திய லொன்மின் கம்பனி சுரங்க உரிமத்தோடு சேர்த்து 5,500 வீடுகள் கட்டித்தருவதாக உறுதி கொடுத்திருந்தது. கட்டியது 3. அவையும் மாதிரி வீடுகள்.

இனி மக்களின் சம்மதம். எல்லா உரிமைகளுக்கும் வாசல் இதுதான். சம்மதம் என்றால் மூன்று நிபந்தனை: மிரட்டல் இல்லாமல், வேலை தொடங்குவதற்கு முன்பே, முழு விபரமும் தெரிந்து. கூட்டத்துக்கு வந்தவர்களிடம் வருகைப் பதிவில் வாங்கிய கையெழுத்து சம்மதம் ஆகாது. வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு இல்லாத இடத்தில் சரி என்று சொல்வதற்கும் பெறுமதி இல்லை.

ஒடிசாவின் நியம்கிரி மலையில் அலுமினியத் தாதுவான பொக்சைட் எடுக்க வேதாந்தா வந்தபோது இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை.

புல்மோட்டைக்கு நெருங்கிய கதை தென்னாபிரிக்காவின் சொலோபெனி. அங்கும் கடற்கரை, அங்கும் டைட்டானிய மணல், வந்தது ஆஸ்திரேலியக் கம்பனி எம்.ஆர்.சி. கரையோரத்து அமாடிபா மக்கள் விவசாயமும் மாடு வளர்ப்புமாக இருந்தவர்கள். சுரங்கம் வந்தால் வேலை கிடைக்கும், வீதி வரும் என்று ஒரு பகுதியினர் ஆதரித்தார்கள், ஊர் இரண்டானது. இதை மறைக்கத் தேவையில்லை. வேலை இல்லாத ஊரில் வேலை என்ற சொல்லுக்கு எவ்வளவு இழுவை என்று எங்களுக்கும் தெரியும். எதிர்த்து நின்ற குழுவின் தலைவர் 2016 மார்ச்சில் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். தனக்குத் தொடர்பில்லை என்றது கம்பனி. மக்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்களோடு கலந்து பேசினால் மட்டும் போதாது, முழுமையான முறைப்படியான சம்மதம் இல்லாமல் சுரங்க உரிமம் கொடுக்கக் கூடாது என்று பிரிட்டோரியா நீதிமன்றம் 2018 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. கலந்து பேசுவதற்கும் சம்மதம் வாங்குவதற்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் நாட்டில் நடப்பது பெரும்பாலும் முதலாவதுதான்.

இலங்கையிலும் நீதிமன்றம் இதைத் தொட்டிருக்கிறது. அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவல பொஸ்பேற்றை அமெரிக்கக் கம்பனிக்குக் கொடுக்கும் திட்டம் ஒன்று 1990களில் வந்தது. ஊர்வாசிகள் சிலர் அடிப்படை உரிமை மனுவோடு போனார்கள். இயற்கை வளம் அரசின் சொந்தச் சொத்து அல்ல, மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருப்பது என்ற அடியில் உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஒழுங்கான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் இல்லாமல் ஒப்பந்தம் செய்ய முடியாது என்றது. திட்டம் அங்கேயே நின்றது.

இந்த வழியில் போக நினைப்பவர் இரண்டு விடயம் தெரிந்திருக்க வேண்டும். அடிப்படை உரிமை மனு அரசின் செயலுக்கு எதிரானது; தனியார் கம்பனிக்கு எதிராக நேரடியாகப் போட முடியாது. ஆகவே அனுமதி கொடுத்த அரச நிறுவனத்தின் தீர்மானத்தைத்தான் பிடிக்க வேண்டும். மற்றது காலம். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அது விசாரணையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்தியக் காரியாலயம் திருகோணமலையிலேயே இருக்கிறது, கொழும்புக்கு பஸ் ஏறத் தேவையில்லை.

அதற்கு முந்திய கட்டமும் உண்டு. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளிவந்ததும் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் தருவார்கள். பத்திரிகை மூலையில் சின்னதாக வரும் அறிவித்தல் அது. பலர் தவறவிடுவது இங்கேதான். உரிமம் யாருக்கு, எத்தனை ஏக்கருக்கு, என்ன நிபந்தனையில் என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேட்கலாம். காரணமும் சொல்லத் தேவையில்லை.

கம்பனியின் சொந்த நாட்டிலும் ஒரு வாசல் உண்டு. ஓ.ஈ.சி.டி. எனப்படும் பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பின் பன்னாட்டுக் கம்பனிகளுக்கான வழிகாட்டலை ஏற்ற நாடுகள் ஒவ்வொன்றும் முறைப்பாடு கேட்க ஒரு தொடர்பு மையம் வைத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியா, கனடா, பிரித்தானியா, ஜப்பான் எல்லாம் அதில் இருக்கின்றன. சுரங்கம் இலங்கையில் இருந்தாலும் அங்கே முறையிடலாம். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. தண்டிக்கும் அதிகாரம் அந்த மையத்துக்கு இல்லை, சமரசப் பேச்சு நடத்தும், அறிக்கை வெளியிடும். இந்தியாவும் சீனாவும் இந்த வழிகாட்டலில் சேராத நாடுகள். எங்கள் மாவட்டத்துக்கு வரும் முதலீடு எங்கிருந்து வருகிறது என்று நினைத்தால் இது சின்ன ஓட்டை அல்ல.

கடைசியாக, நட்டஈடு. போர்கெராவில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு பரிக் ஒரு நிவாரணத் திட்டம் ஏற்படுத்தியது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் நட்டஈடு பெற்றார்கள். அதை வாங்கும்போது, இதே விடயத்துக்காக இனிக் கம்பனி மீது வழக்குப் போடமாட்டேன் என்ற தாளிலும் கையெழுத்து வைத்தார்கள். அது பெரிய சர்ச்சையானது. கிணற்றுக்கோ காணிக்கோ நட்டஈடு என்று யாராவது தாளை நீட்டினால், தொகை எழுதிய பக்கத்தோடு நிற்காமல் எதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள் என்ற பக்கத்தையும் தேடிப் படியுங்கள். தமிழில் இல்லாவிட்டால் தமிழில் தரச் சொல்லிக் கேளுங்கள். விளங்காவிட்டால் கையெழுத்து வைக்க முன்னர் சட்ட உதவி ஆணைக்குழுவில் காட்டலாம். வசதி குறைந்தவர்களுக்கு அங்கே காசு கேட்க மாட்டார்கள்.